வாகனத்தில் வருபவர் முதலில் ஸலாம் உரைக்கட்டும்

இருவர் வழியில் எதிர்ப்பட்டால் யார் முதலில் ஸலாம் உரைக்க வேண்டும்? பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த வினாவுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை வகுத்துத் தந்துள்ளார்கள். வாகனத்தில் வருபவர் நடந்து வருபவருக்கு உரைக்க வேண்டும். நடந்து வருபவர் அமர்ந்திருப்பவருக்கு உரைக்க வேண்டும். சிலராக வருபவர்கள் பலராக இருப்பவர்களுக்கு உரைக்க வேண்டும். புகாரி, முஸ்லிம் என்னும் இருபெரும் நபிமொழித் தொகுப்புகளிலும் இந்த அறிவுரை இடம்பெற்றுள்ளது.

உலகத்தார் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. குதிரைமேல் ஒருவன் வந்தால் தரையில் நடப்பவன் ஒதுங்கி நின்று வணங்க வேண்டும் என்பதே மன்னர் காலத்து மரியாதை. அண்ணலார் அதை மாற்றி அமைத்தார்கள். வாகனத்தின்மீது இருப்பவன் உள்ளத்தில் பெருமை புகுந்துவிடாதிருக்கவே இவ்வாறு பணிக்கப்பட்டது என்பது விரிவுரையாளர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. ஸலாம் என்பதன் பொருள் சாந்தி, தீங்கின்மை. என்னால் உமக்குக் கேடு விளையாது என்ற உறுதியை, கேடு செய்யும் ஆற்றல் மிகுதியாக உடையவனே முதலில் தர வேண்டும். வலிமை வளர வளரப் பொறுப்பும் வளர வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இந்த உட்பொருளை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, நாங்குநேரி வழியே செல்லும் பெருஞ்சாலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

முன்னாளில் 7ஆம் எண் தாங்கியிருந்து, 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்தில் 44ஆம் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலை அது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் கடலைத் தொடுவது. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே அது நான்குவழிச் சாலையாக விரிந்தபின் பயண நேரம் சுருங்கிற்று, வாணிபம் பெருகிற்று. மறுப்பதற்கில்லை. வடபுலத்துச் சரக்கு லாரிகளும், குமரிமுனைக்கு விரையும் சுற்றுலா வண்டிகளும், களக்காட்டுப் பகுதியின் வாழைத்தார்களை ஏற்றிய வேன்களும் இரவும் பகலும் அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதே சாலையின் விளிம்பில்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் பெரியவர் சைக்கிளில் செல்கிறார். பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் செல்கிறார். புல்லுக்கட்டைப் பின்னிருக்கையில் சுமந்துகொண்டு மற்றொருவர் செல்கிறார். அரசு தந்த சைக்கிளில் பள்ளி மாணவி ஒருத்தி புத்தகப் பையுடன் செல்கிறாள். 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. கிராமத்துப் பெண்மக்களின் படிப்பு தடைப்படாதிருக்க அந்த இரு சக்கரங்கள் செய்த உதவி சிறிதன்று. ஆனால் சைக்கிள் தந்த சமுதாயம், அது செல்லப் பாதுகாப்பான வழியையும் தந்ததா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

இது யாரோ அயலாரின் வழக்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஏர்வாடியிலும், களக்காட்டிலும், மேலப்பாளையத்திலும், பேட்டையிலும் வாழும் நம் குடும்பத்தார் இந்த வழக்கில் இரு தரப்பிலும் நிற்கின்றனர். வளைகுடா நாட்டில் வாப்பா வியர்வை சிந்தி அனுப்பிய பணத்தில் வாங்கிய காரை மகன் ஓட்டிச் செல்கிறான். அதே தெருவைச் சேர்ந்த மற்றொரு சகோதரர் சைக்கிளில் துணிமூட்டையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்றுவரச் செல்கிறார். இருவரும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள். சாலைக்கு வந்ததும் ஒருவருக்கொருவர் பகைவர் போல் ஆகிவிடுகின்றனர்.

வண்டி ஓட்டுபவரைக் கேட்டால் அவர் தரப்பு நியாயத்தைச் சொல்வார். சைக்கிளில் வருபவர் பின்னால் பாராமலே சட்டென்று குறுக்கே திரும்புகிறார், இருவரும் மூவரும் அணிவகுத்துப் பேசிக்கொண்டே செல்கின்றனர், இரவில் விளக்கில்லை, எதிர்த்திசையில் வருகின்றனர் என்பார். இவற்றில் பொய்யில்லை. சைக்கிளில் செல்பவரைக் கேட்டால், உரசிக்கொண்டு போகிறார்கள். ஹாரனை அலறவிட்டு நடுங்க வைக்கிறார்கள். லாரி கிளப்பும் காற்றே எங்களை மண்ணில் தள்ளிவிடுகிறது என்பார். இவற்றிலும் பொய்யில்லை. சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்துபவர்கள் நாங்கள். ஆகவே சாலை எங்களுடையது என்று சில வாகனக்காரர் வாதிடுவதும் உண்டு. சைக்கிளுக்குச் சுங்கம் இல்லை என்பதால் அதற்கு உரிமையும் இல்லை என்று ஆகிவிடுமா?

எதிர்த்திசையில் வரும் குற்றத்தையே எடுத்துக்கொள்வோம். சாலையின் நடுவே தடுப்புச் சுவர் எழுந்தபின், கண்ணுக்கு எதிரே தெரியும் தன் வயலுக்கு ஒருவர் செல்ல வேண்டுமானால், திரும்பும் இடம்வரை நெடுந்தூரம் மிதித்துச் சென்று மீண்டும் அதே தூரம் வர வேண்டும். மோட்டார் வண்டிக்கு அது இரண்டு நிமிட வேலை; அறுபது வயது முழங்காலுக்கு அது அரைமணி நேரத் துன்பம். ஆதலால் ஓரமாக எதிர்த்திசையிலேயே வந்துவிடுகிறார். அவர் செய்வது தவறே. ஆயினும் அந்தத் தவற்றில் சாலையை வகுத்தவர்களுக்கும் ஒரு பங்குண்டு. அணுகுசாலையும் சுரங்கவழியும் இல்லாத இடங்களில் ஊரார் உயிரைப் பணயம் வைத்தே கடக்க நேர்கிறது.

இரு தரப்பிலும் தவறு உண்டெனில், இருவர் பொறுப்பும் சமமா? இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் ஒருமுறை செல்பேசியைக் குனிந்து பார்த்து நிமிரும் ஒரு நொடிக்குள் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. வேகம் இருமடங்கானால் மோதலின் வன்மை இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. காரின் முன்பகுதி மோதும்போது நடந்து செல்பவர் இறக்கும் அபாயம், வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராக உயர்ந்தாலே நாலரை மடங்கு பெருகிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சைக்கிள்காரருடைய பிழை பெரும்பாலும் அவருடைய உயிரையே வாங்குகிறது. வாகன ஓட்டியின் பிழை பிறருடைய உயிரை வாங்குகிறது. பிழை ஒன்றுபோல் தோன்றினாலும் விளைவு ஒன்றன்று. ஆகவே பொறுப்பும் ஒன்றாக இருக்க இயலாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 32,000-க்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். 4,800-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். அவ்வாண்டு நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நேர்ந்த மாநிலம் நம் தமிழகம். 64,105 விபத்துகளில் 17,884 உயிர்களை நாம் இழந்தோம். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு வீட்டு வாசல் இருக்கிறது. அங்கே இத்தா இருக்கும் ஒரு மனைவியோ, மகனை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு தாயோ இருக்கக்கூடும்.

இத்தனை உயிர்களைக் கொடுத்து நாம் பெறும் ஆதாயம் எவ்வளவு? நாங்குநேரியிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் இருபத்திரண்டரை நிமிடம் ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் பதினெட்டு நிமிடம் ஆகும். மிச்சம் நாலரை நிமிடம். சந்திப்புக்கு வந்ததும் ஒரு தேநீர்க் கடையில் நின்று நாம் செலவழிப்பது அதைவிட அதிகம்.

விடைபெறும் ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து திரும்பிய வேளையில், பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் பேரோசை அண்ணலாரின் செவியில் விழுந்தது. உடனே சாட்டையால் சைகை காட்டி மக்களை அமைதியாக வரப் பணித்தார்கள்; விரட்டிச் செல்வதில் நன்மை இல்லை என்று உணர்த்தினார்கள். ஹஜ் என்னும் மாபெரும் வணக்கத்தின் இடையிலேயே விரைவுக்குத் தடை விதித்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், சந்தைக்கும் சம்பந்த வீட்டுக்கும் செல்ல உயிரைப் பறிக்கும் வேகத்தில் பறக்கலாமா?

பொதுவழி குறித்து நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த நெறி தெளிவானது. அது அனைவருக்கும் பொது. எவரும் தமக்கே உரியதென்று வளைத்துக்கொள்ள இயலாது. அதில் செல்ல எல்லாருக்கும் அனுமதி உண்டு. ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமல் செல்வது அதன் நிபந்தனை. வாகனப் பிராணி தன் காலால் மிதித்து ஏற்படுத்திய சேதத்துக்கு அதன்மேல் இருந்து செலுத்தியவன் பொறுப்பாளி என்றும் அவர்கள் எழுதி வைத்தனர். அன்றைய பிராணியின் குளம்பு இன்று டயராக மாறியிருக்கிறது, சட்டம் மாறவில்லை. 1993ஆம் ஆண்டு புரூணையில் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இப்பொருளை ஆராய்ந்து, ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமையே என்று முடிவு செய்தது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், உரிமமில்லாச் சிறுவன் கையில் வண்டிச் சாவியைக் கொடுப்பதும் போலீஸ்காரரோடு முடிந்துபோகும் விவகாரங்கள் அல்ல. அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவை.

கொல்லும் எண்ணமின்றி ஓர் உயிரைப் போக்கியவர் மீதும் திருமறை பெரும் பொறுப்பைச் சுமத்துகிறது. நான்காம் அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தைப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை அளிக்க வேண்டும். அக்காலத்தில் ஓர் அடிமையையும் விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியற்றவர் இரண்டு மாதம் இடைவிடாமல் நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் உடன்படிக்கை கொண்ட வேற்றுச் சமுதாயத்தாராக இருந்தாலும் இப்பொறுப்பு நீங்குவதில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்ற ஒற்றைச் சொல்லால் துடைத்துவிடக் கூடிய காரியமன்று அது. இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தந்துவிடலாம். அந்த அறுபது நாள் நோன்பை எந்த நிறுவனமும் நமக்காக நோற்காது.

மறுமையில் தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் குவித்துக்கொண்டு வரும் ஒருவர், பிறரை ஏசியதற்காகவும் அடித்ததற்காகவும் இரத்தம் சிந்தியதற்காகவும் தம் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையராய் நிற்கும் காட்சியை அண்ணலார் எடுத்துக்காட்டினார்கள். அவரே உண்மையான வறியவர் என்றும் கூறினார்கள். சாலையில் வண்டியின் கண்ணாடியை இறக்கி, சைக்கிளில் செல்லும் முதியவரைத் தகாத சொல்லால் ஏசிவிட்டு, அடுத்த ஊரில் நிறுத்தி அஸர் தொழுபவர் இதை நினைவுகூர வேண்டாமா?

வலியவரே முதலில் பொறுப்பேற்க வேண்டும் என்ற உண்மைக்கு இன்று பிற நாட்டாரும் வந்து சேர்ந்திருக்கின்றனர். பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, மிகுதியான தீங்கு செய்யக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே மிகுதியான பொறுப்பு என்பது முதல் நெறியாக வைக்கப்பட்டது. சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் அது கூறிற்று. ஹாலந்து நாட்டில் 1971ஆம் ஆண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகே அந்நாட்டின் போக்கு மாறியது. சைக்கிளுக்கென்று தனிவழிகள் பெருகின. மக்கள் கேட்டால் சாலை மாறும் என்பதற்கு அந்நாடே சான்று.

நாமும் கேட்க வேண்டும். ஊர் எல்லைகளில் அணுகுசாலையும், கடக்கும் இடங்களில் விளக்கும், பள்ளிகளுக்கு அருகே வேகத்தடையும், மிதிவண்டியும் செல்லத்தக்க சுரங்கவழியும் வேண்டுமென்று ஊர் ஜமாஅத்தும், பஞ்சாயத்தும், அனைத்துச் சமயத்துப் பெரியோர்களும் ஒன்றுகூடி மாவட்ட ஆட்சியரிடமும் நெடுஞ்சாலை ஆணையத்திடமும் மனு அளிக்கட்டும். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்றிருக்கிறோம். உயிரைக் குடிக்கும் ஒரு சந்திப்பைச் சீர்செய்யப் பாடுபடுவதும் முள் அகற்றும் பணியே.

அரசு செய்யும்வரை காத்திராமல் நாம் செய்ய வேண்டியவையும் உள.

வாகனம் ஓட்டும் சகோதரர்களே! சைக்கிளைக் கண்டதும் உங்கள் வலக்கால் முதலில் ஸலாம் உரைக்கட்டும், வேகம் தணியட்டும். ஓர் ஆள் கையை நீட்டினாலும் எட்டாத இடைவெளி விட்டுக் கடந்து செல்லுங்கள். அதற்கு இடமில்லையெனில் பின்னால் பொறுத்திருங்கள். முதுகுக்கருகில் வந்து ஹாரனை அலறவிடாதீர்கள். அதிர்ச்சியில் அவர் சாய்வது உங்கள் சக்கரத்தை நோக்கியே. வண்டியை ஓரமாக நிறுத்திக் கதவைத் திறக்குமுன் பின்னால் பாருங்கள்.

சைக்கிளில் செல்லும் சகோதரர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. உங்கள் உயிர் உங்களிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். விளக்கில்லாத சைக்கிளைப் போலீசார் பிடித்து அபராதம் விதித்த ஒரு காலம் இருந்ததை முதியவர்கள் அறிவார்கள். இன்று பிடிப்பார் இல்லை என்பதற்காக இருளில் விளக்கின்றிச் செல்லாதீர்கள். பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுங்கள். வெளிர்நிற ஆடை உடுத்துங்கள். திரும்புமுன் பின்னால் பார்த்துக் கையைக் காட்டுங்கள். ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள்.

தாய்மார்களே! எங்கே இருக்கிறீர்கள், ஏன் இன்னும் வரவில்லை என்று வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து விரட்டாதீர்கள். ரமளான் மாலைகளில் மஃரிபு பாங்குக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டுமென்று பறப்பவர்கள் பலர். பயணம் புறப்படும்போதே நாலு பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் வண்டியில் வைத்து அனுப்புங்கள். நேரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி நோன்பு திறந்துகொள்ளட்டும். நோன்புக் கஞ்சி ஆறினால் சூடேற்றிக்கொள்ளலாம்.

இன்று ஜும்ஆ நாள். பள்ளிவாசலுக்கு முன்னால் நாம் நிறுத்தும் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் பாதி வீதியை அடைத்துக்கொள்வதில்லையா? ஓரமாகச் செல்ல வேண்டிய சைக்கிள்காரர் அதனால் நடுச்சாலைக்குத் தள்ளப்படவில்லையா? ஒரு படையெடுப்பின்போது தோழர்கள் நெருக்கமாகக் கூடாரமிட்டு வழியை அடைத்துவிட்டனர். அவ்வாறு வழியை அடைப்பவர்களுக்கு ஜிஹாதின் நன்மையே இல்லை என்று அண்ணலார் அறிவிக்கச் செய்ததாக அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். அறப்போர் செய்யச் சென்றவர்களுக்கே அந்த எச்சரிக்கை என்றால், தொழச் சென்று வழியை மறிக்கும் நமக்கு? இகாமத் சொல்வது கேட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியுடன் நடந்து வாருங்கள் என்பதும் அவர்களுடைய கட்டளையே. அந்த அமைதி பள்ளிவாசலின் உள்ளே மட்டுமல்ல, வரும் வழியிலும் வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் விபத்து நேர்ந்துவிட்டால், நிறுத்தாமல் ஓடிவிடுவது மனிதத் தன்மை அன்று. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கண்டவர்களும் சாட்சிக்கு இழுப்பார்கள் என்று அஞ்சி விலகிச் செல்ல வேண்டியதில்லை. உதவ வருபவரைத் துன்புறுத்தலாகாது என்று 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பாதுகாப்பு சட்டத்திலேயே இடம்பெற்றது. 108 எண்ணை அழையுங்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பதற்கென்றே 2021 டிசம்பரில் தமிழக அரசு இன்னுயிர் காப்போம் திட்டத்தைத் தொடங்கியது. மோதிய வண்டி இன்னதென்றே தெரியாமற்போனாலும், 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் படுகாயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. இதை அறியாமல் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லி, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது ஜமாஅத் இளைஞர்கள் செய்யத்தக்க நற்பணி.

அன்புச் சகோதரர்களே! சாலைக்கும் ஒரு ஹக்கு உண்டு. பார்வையைத் தாழ்த்துவதும், தீங்கு செய்யாதிருப்பதும், ஸலாமுக்குப் பதில் உரைப்பதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அதைச் சேர்ந்தவை என்று அண்ணலார் வழியோரத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கே கற்பித்தார்கள். சும்மா அமர்ந்திருப்பவனிடமே சாலை இத்தனை உரிமை கேட்கிறதென்றால், இரும்பு வாகனத்தில் பறந்து செல்பவனிடம் எத்தனை கேட்கும்! ஜும்ஆ முடிந்து இன்று நீங்கள் வண்டியைக் கிளப்பும்போது, எதிரே ஒரு சைக்கிள் வரக்கூடும். அதில் வருபவர் யாராயினும், எச்சமயத்தவராயினும், உங்களிடமிருந்து அஞ்சத்தக்கது ஏதுமின்றிக் கடந்து செல்லட்டும். பிறர் நம் கையாலும் நாவாலும் மட்டுமல்ல, நம் வாகனத்தாலும் துன்புறாதிருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.